ஹில்டா அக்கா பைப் பிடிப்பார்

ஃபேஸ்புக்கில் ரோஜாப்பூ படம் போட்ட ‘ஏஞ்சல் பிரியா’விடமிருந்து நட்பு அழைப்பு வந்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது லுங்கி கட்டிய ஓர் அண்ணாச்சி என்பது நம்மூர் எட்டாங்கிளாஸ் பையனுக்கே தெரியும். 1940-இல் இங்கிலாந்தில் எட்டாங்கிளாஸ் வயதில் இருந்த பெண்களுக்கு இந்த ஞானம் கிடையாது, பாவம். ஹில்டா ரிச்சர்ட்ஸ், ஹேஸல் ஆர்மிடேஜ், ரோடா ஃபிளெமிங் என்று அக்காக்கள் வாராவாரம் எழுதிய ஹாஸ்டல் கதைகளைப் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தார்கள். நம் மனசில் இருப்பது இந்த அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று உருகியவர்களும் இருந்திருப்பார்கள். ஹேஸல் அக்காவின் நிஜப்பெயர் ஜான் வீவே. ரோடா அக்கா, ரொனால்டு ஃபிளெமிங். ஹில்டா அக்காவின் கதை பெரிது; பிறகு வருகிறேன். இப்போதைக்கு ஒரிஜினல் ஹில்டா அக்கா பைப் பிடிப்பார் என்பதை மட்டும் மனசில் வையுங்கள்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் டீன் ஏஜ் பெண்களுக்காக வந்த பத்திரிகைகளும் காமிக்ஸும் இன்று சேகரிப்பாளர்களிடம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. விலையைக் கேட்டால் தலை சுற்றும். காரணம் இலக்கியத் தரம் இல்லை, பிரதிகளே மிஞ்சவில்லை. போர் வந்ததும் பழைய பேப்பரையெல்லாம் நாட்டுக்குக் கொடுங்கள் என்று ஊர் ஊராக வசூல் நடந்தது. பத்திரிகைகளும் கடமை தவறாமல் தங்கள் வாசகிகளிடம் அதையே சொல்லின. தன்னையே எடைக்குப் போடச் சொல்லி வாசகியிடம் கெஞ்சிய பத்திரிகையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சரி, உள்ளே போவோம். ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஃபேக் ஐடி. போர்க்காலமாயிற்றே, அடையாள அட்டையை எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த நேரம்!

முதலில் கேப்டன் டபிள்யூ. ஈ. ஜான்ஸ். பிக்கிள்ஸ் என்ற விமானியைப் படைத்து, 1930-களின் பிரிட்டிஷ் பையன்கள் அத்தனை பேரையும் அண்ணாந்து பார்க்க வைத்தவர். புத்தக அட்டையில் ‘கேப்டன்’ என்று கம்பீரமாக இருக்கும். மனிதர் கேப்டனே இல்லை. ராயல் ஏர் ஃபோர்ஸில் ஃப்ளையிங் ஆபீசராக இருந்து வெளியே வந்தவர். நம்மூர் விஜயகாந்த்துக்காவது ‘கேப்டன் பிரபாகரன்’ ஓடிய பிறகு ரசிகர்கள் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். ஜான்ஸ் யாருக்கும் சிரமம் வைக்காமல் தானே எடுத்துக்கொண்டார்.

அவருடைய பயோடேட்டாவைக் கொஞ்சம் பாருங்கள். வேலையில் சேர்ந்தது சானிட்டரி இன்ஸ்பெக்டராக, நார்ஃபோக் பக்கம். சாக்கடையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரை முதல் உலகப் போர் வானத்துக்கு அனுப்பியது. விமானப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியரானார். மூன்றே நாளில் மூன்று விமானங்களை நொறுக்கினார். ஒன்று கடலில் விழுந்தது, ஒன்று மணலில். மூன்றாவது, சக அதிகாரி ஒருவர் வீட்டுப் பின்கதவைத் திறக்காமலே உள்ளே போனது. மூன்றுக்கும் இன்ஜின் கோளாறுதான் காரணமாம். அந்தக்கால விமானத்தில் சுழலும் புரொப்பெல்லரின் இடைவெளி பார்த்துக் குண்டு பாய வேண்டும். ஜான்ஸின் துப்பாக்கிக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. தன் புரொப்பெல்லரையே இரண்டு தடவை சுட்டுக்கொண்டார். இவரிடம் படித்தவர்களின் தைரியத்தைத்தான் நான் மெச்சுவேன்.

1918 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். கூடப் பறந்தவர் இறந்துபோனார். ஜான்ஸ் போர்க்கைதி ஆனார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு நான்கு வருஷம் கழித்து வருகிறது.

1922. லண்டன் கோவென்ட் கார்டன் பக்கம், விமானப்படைக்கு ஆள் எடுக்கும் ஆபீஸ். ஜான்ஸ்தான் ஆபீசர். ஒல்லியாக ஒருவர் வந்து, ‘ஜான் ஹியூம் ராஸ்’ என்று பெயர் சொல்லி, சிப்பாயாகச் சேரவேண்டும் என்றார். ஜான்ஸுக்கு முகத்தைப் பார்த்ததுமே சந்தேகம். பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொன்னார். அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை. போய்யா என்று விரட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் திரும்பி வந்தார், கூடவே ஏர் மினிஸ்ட்ரி தூதர், கையில் மேலிடத்து உத்தரவு: இவரைச் சேர்த்துக்கொள். விரட்டப்பட்டவர் லாரன்ஸ் ஆஃப் அரேபியா! பாலைவனத்தில் துருக்கியர்களை அலறவைத்த உலகப்புகழ் ஹீரோ, புகழ் தாங்காமல் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிய வந்திருக்கிறார். பொய்ப்பெயரைப் பார்த்த மாத்திரத்தில் மோப்பம் பிடித்த அதே ஜான்ஸ்தான், பிற்பாடு தன் பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று கூசாமல் போட்டுக்கொண்டவர்.

இந்த ஜான்ஸுக்கும் டீன் ஏஜ் பெண்களுக்கும் என்ன சம்பந்தம்? ஏர் மினிஸ்ட்ரிதான் சம்பந்தம் பேசி முடித்தது. போர் தொடங்கியதும் ‘வாஃப்’ என்ற பெண்கள் துணை விமானப்படைக்கு ஆள் தேவைப்பட்டது. பையன்களை இழுக்க பிக்கிள்ஸ் இருக்கிறான். பெண்களை இழுக்க யார்? கூப்பிடு ஜான்ஸை. பிக்கிள்ஸுக்கு ஒரு தங்கச்சியைத் தயார் பண்ணு. அப்படிப் பிறந்தவள் ஜோன் வொரல்சன், சுருக்கமாக வொரல்ஸ். 18 வயது. கூட ஃப்ரெக்ஸ் என்று ஒரு தோழி. 1940 அக்டோபரில், லண்டன் மேல் ராத்திரி தவறாமல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, ‘கேர்ள்ஸ் ஓன் பேப்பர்’ பத்திரிகையில் தொடர்கதை ஆரம்பித்தது.

இந்தப் பத்திரிகையின் குலம் கோத்திரம் தெரிந்தால்தான் தமாஷ் புரியும். 1880-இல் அதைத் தொடங்கியது ரிலிஜியஸ் டிராக்ட் சொசைட்டி. பெயரே சொல்கிறதல்லவா, துண்டுப்பிரசுரம் அச்சடித்து ஆன்மாக்களைக் கரையேற்றும் சபை. எம்பிராய்டரி, சமையல், அடக்க ஒடுக்கம், விக்டோரியா மகாராணி காலத்து நல்லொழுக்கம் எல்லாம் அதில் உண்டு. அறுபது வருஷம் கழித்து, அதே பத்திரிகையில், முதல் கதையிலேயே ஒரு பெண் போர்விமானத்தில் ஏறி எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிறாள். எம்பிராய்டரி பக்கம் வேறு எங்கே போகும்?

வொரல்ஸ் பிரமாதமான பெண். மேலதிகாரியை எதிர்த்துப் பேசுவாள், பிரான்ஸில் போய் இறங்கி ஒற்று வேலை பார்ப்பாள். பில் ஆஷ்டன் என்று ஒரு பைலட் பையன் அவளையே சுற்றிச் சுற்றி வருவான். அவன் காதலைச் சொல்ல வாயைத் திறந்தால், போர் நடக்கிற நேரத்தில் இதென்ன பேச்சு என்கிற தோரணையில் மூடிவிடுவாள். புத்தகங்கள் 11 வந்தன, போர் முடிந்து ஐந்து வருஷம் வரைக்கும். பில்லுக்குக் கடைசிவரை கல்யாணச் சாப்பாடு போடவில்லை ஜான்ஸ்.

எல்லாம் சரி. ஒரே ஒரு சின்ன சிக்கல். வாஃபில் பெண்கள் விமானம் ஓட்ட முடியாது!

நிஜமாகவே. இந்தத் தொடரைப் படித்துவிட்டு ரத்தம் கொதிக்கப் போய்ச் சேர்ந்த பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய வேலைகள்: பாராசூட் மடிப்பது, லாரி ஓட்டுவது, டெலிபோன், ராடார், ஆபரேஷன்ஸ் அறை மேஜையில் எதிரி விமானங்களின் இடத்தைக் குறிப்பது, சமையல். பிரிட்டனைக் காப்பாற்றிய வேலைகள்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காக்பிட்டில் பைலட் சீட் மட்டும் கிடையாது. இண்டர்வியூவில் ‘ஆன்சைட் சான்ஸ் உண்டு’ என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு சோழிங்கநல்லூர் நைட் ஷிஃப்டில் உட்கார வைக்கும் கலை ஐடி கம்பெனிகள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏர் மினிஸ்ட்ரி சீனியர்.

அப்படியானால் பெண்கள் பறக்கவே இல்லையா? பறந்தார்கள், வேறு கம்பெனியில். ஏடிஏ என்று ஒரு அமைப்பு. தொழிற்சாலையிலிருந்து விமானத்தை எடுத்துப்போய்ப் படைத்தளத்தில் விட்டுவிட்டு வரவேண்டும். 1940 ஜனவரியில் பாலின் கோவர் தலைமையில் எட்டுப் பெண்கள் ஹாட்ஃபீல்டில் சேர்ந்தார்கள். ஜான்ஸ் தன் வொரல்ஸை வார்த்ததே இந்தப் பாலினையும், 1930-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சனையும் பார்த்துத்தான். இந்த எட்டுப் பேருக்குக் கொடுத்தது டைகர் மாத் என்ற திறந்தவெளி விமானம். மேலே கூரை கிடையாது. நடு ஜனவரியில் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்கள். பெண்களுக்கு இலகுவான வேலை கொடுத்தோம் என்று இதற்குப் பெயர்.

அதற்கே சி. ஜி. கிரே என்ற விமானப் பத்திரிகையாளருக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரித் தரையைக்கூட ஒழுங்காகத் துடைக்கத் தெரியாதவள் எல்லாம் பெரிய பாம்பர் ஓட்டுவேன் என்கிறாள் என்கிற மாதிரி எழுதித் தள்ளினார். அந்தத் தரை துடைக்கத் தெரியாதவர்கள் அடுத்த வருஷம் ஹரிக்கேன் ஓட்டினார்கள், பிறகு ஸ்பிட்ஃபயர், பிறகு நான்கு இன்ஜின் வைத்த பாம்பரும். அவர்களிடம் இருந்தது கையடக்கமாக வளையம் போட்டுக் கோத்த ஒரு அட்டைக்கட்டு. ஒரு விமானத்துக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான். புது மிக்ஸியோடு வரும் சின்னப் புத்தகத்தை நாம் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இவர்கள் வாழ்க்கையில் அதுவரை தொட்டிராத விமானத்தில் ஏறி, அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளப்பிக்கொண்டு போனார்கள். 1943-இல் ஆண்களுக்குச் சமமான சம்பளமும் வாங்கினார்கள். ஏமி ஜான்சன் அதைப் பார்க்க இல்லை; தொடர்கதை பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1941 ஜனவரியில், அவர் விமானம் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தது.

ஜான்ஸின் கற்பனையை மிஞ்சிய ஒரு வாஃப் பெண்ணும் உண்டு. நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் வழிவந்தவர். 1939-இல் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிப் புத்தகம் போட்டவர். வீணை, சூஃபி தத்துவம் என்று வளர்ந்த சாது. 1940 நவம்பரில் வாஃபில் சேர்ந்தார். 1943-இல் ரகசிய ரேடியோவோடு பிரான்ஸில் இறங்கினார், வொரல்ஸ் கதையில் இறங்குவது மாதிரியே. பயிற்சி கொடுத்தவர்களில் சிலர், இந்தப் பெண் ஒற்று வேலைக்குச் சரிப்படமாட்டாள் என்று எழுதி வைத்திருந்தார்கள். சகாக்கள் வரிசையாகப் பிடிபட்ட பிறகும் தனியாளாகப் பாரிஸிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1944-இல் டாஹாவ் வதைமுகாமில் கொல்லப்படும்வரை நாஜிகளால் அவரிடமிருந்து எதையும் கறக்க முடியவில்லை. குழந்தைக் கதை எழுதுகிறவர்களைக் குறைத்து எடை போடுவது ராணுவங்களுக்குப் பரம்பரை வியாதி.

வொரல்ஸ் ஹிட்டானதும் தரைப்படைக்கு மூக்கில் வியர்த்தது. ஏர் ஃபோர்ஸுக்கு மட்டும்தான் எழுதுவீரா என்று வார் ஆபீஸும் வந்து நின்றது. ஜான்ஸ் முகம் சுளிக்காமல் ‘கிம்லெட்’ என்று ஒரு கமாண்டோவைச் செய்து கொடுத்தார். எந்தப் படைக்கும் ஆர்டரின்பேரில் ஹீரோ தயாரித்துத் தரப்படும்.

இப்போது ஹில்டா அக்கா.

‘மேக்னெட்’ என்று பையன்களுக்கு ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. அதில் பில்லி பண்ட்டர் என்ற தின்னிப்பண்டார மாணவனை வைத்து 1908 முதல் ‘ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ்’ எழுதிக்கொண்டிருந்தார். நிஜப்பெயர் சார்லஸ் ஹாமில்டன். கல்யாணம் ஆகாத மனிதர், வாயில் பைப், சம்பாதித்ததை மான்டி கார்லோ சூதாட்ட மேஜையில் கொட்டிய புண்ணியவான். கையில் இருபதுக்கும் மேற்பட்ட புனைபெயர்கள். 1919-இல் பெண்களுக்காக ‘ஸ்கூல் ஃபிரெண்ட்’ என்ற பத்திரிகை தொடங்கியபோது, பில்லிக்கு பெஸ்ஸி என்று அதே சைஸில் ஒரு தங்கச்சியைப் பிறக்க வைத்தார். எழுதியவர் பெயர் மட்டும் ‘ஹில்டா ரிச்சர்ட்ஸ்’. ஃபிராங்குக்கு உறவுக்காரி போலிருக்கிறது என்று வாசகிகள் நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? நமக்கு இதில் அதிர்ச்சி ஏதுமில்லை. ரங்கராஜன் சார் மனைவி பெயரில் எழுதி, அந்தப் பெயரிலேயே தமிழ்நாட்டை மயக்கிய ஊர் இது.

ஆனால் சில வாரத்திலேயே ஹாமில்டனைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த ஹில்டா வந்தார், அவரும் ஆண். அப்புறம் இன்னொரு ஹில்டா. போர் வந்தபோது ஹில்டாவாக இருந்தவர் நாம் ஏற்கெனவே பார்த்த ஜான் வீவே. அதாவது ஹில்டா அக்காவும் ஹேஸல் அக்காவும் ஒரே ஆள். ஹில்டா என்பது மனுஷி இல்லை, ஒரு போஸ்டிங்.

இங்கேதான் நம் நாடகத்துக்குள் ஜார்ஜ் ஆர்வெல் நுழைகிறார். 1940 மார்ச்சில் ‘ஹொரைசன்’ பத்திரிகையில், பையன்களின் வாரப் பத்திரிகைகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு துப்பறியும் முடிவு: முப்பது வருஷம் வாராவாரம் இவ்வளவையும் ஒரே ஆள் எழுத முடியாது, ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர் இருக்க வாய்ப்பில்லை, யாரும் காப்பியடிக்க வசதியாகத்தான் அந்த நடையையே அமைத்திருக்கிறார்கள். மே மாதம் அதே பத்திரிகையில் பதில் வந்தது. இருக்கிறேன் சார், உயிரோடுதான் இருக்கிறேன் என்று பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் ஆஜரானார். வெளிநாட்டுக்காரர்களை ஏன் கோமாளிகளாகக் காட்டுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு, அவர்கள் கோமாளிகள்தானே என்று சளைக்காமல் ஒரு போடு வேறு.

கொஞ்சம் நிறுத்தி இந்தக் காட்சியை ரசியுங்கள். ‘நீ நிஜ ஆள் இல்லை’ என்று சொன்ன ஜார்ஜ் ஆர்வெலின் நிஜப்பெயர் எரிக் பிளேர். ‘நான் நிஜ ஆள்தான்’ என்று சத்தியம் பண்ணிய ஃபிராங்க் ரிச்சர்ட்ஸின் நிஜப்பெயர் சார்லஸ் ஹாமில்டன். இல்லாத ஒருவர் இல்லாத இன்னொருவரிடம் நீ இல்லை என்று சண்டை போட்டிருக்கிறார். இதில் பெரிய வேடிக்கை, ஆர்வெலின் துப்பு முழுசாகத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒரே பெயருக்குப் பின்னால் ஒரு கும்பல் எழுதுகிறது என்றாரே, அது அச்சு அசலாகப் பொருந்துவது ஹில்டாவுக்கு. சரியான விடையைத் தப்பான பேப்பரில் எழுதிவிட்டார்.

அந்த மே மாதமே ‘மேக்னெட்’ நின்றுபோனது. ஹில்டா எழுதிக்கொண்டிருந்த ‘ஸ்கூல்கேர்ள்’ பத்திரிகையும் அதோடு போச்சு. ஏப்ரலில் ஹிட்லர் நார்வேக்குள் புகுந்ததும் காகிதக் கூழ் வரத்து நின்றுவிட்டது, பேப்பருக்கு ரேஷன். ஆர்வெல் பேனாவால் சாய்க்க முடியாத பண்ட்டரை ஸ்காண்டிநேவிய மரங்கள் சாய்த்தன. தப்பிப் பிழைத்த ‘கேர்ள்ஸ் கிரிஸ்டல்’ மட்டும் தொடர்ந்து வந்தது, வழக்கமான அக்காக்களோடு. அந்த ஆண்கள் எழுதிய கதைகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். சுரங்கப்பாதை, ரகசியச் சங்கம், முகமூடி, நடுராத்திரி விருந்து எல்லாம் உண்டு. காதல் மட்டும் கிடையாது. அந்தக் கதைப் பெண்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஒரு நிஜப் பெண்மணியின் அவதியையும் சொல்லிவிடுகிறேன். எலினார் பிரென்ட்-டையர். (பிறந்தபோது வைத்த பெயர் கிளாடிஸ். கேட்காதீர்கள், இந்தத் தொழிலே அப்படி.) அவருடைய ‘ஷாலே ஸ்கூல்’ நாவல்களில் பள்ளி இருந்தது ஆஸ்திரியாவில். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் பொறுப்பான ஆசிரியையாகப் பள்ளியைக் காலி பண்ணி, பாதுகாப்பான இடம் என்று கெர்ன்ஸி தீவுக்கு மாற்றினார். 1940-இல் புத்தகம் வந்தது. ஜூன் மாதக் கடைசியில் ஜெர்மானியர்கள் கெர்ன்ஸியில் இறங்கினார்கள். பிரிட்டனுக்குச் சொந்தமான இடங்களில் நாஜிகள் பிடித்தது அந்தச் சேனல் தீவுகளைத்தான். உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா அம்மணிக்கு? அடுத்த புத்தகத்தில் மறுபடி மூட்டை முடிச்சு, இந்தத் தடவை வேல்ஸ் எல்லைப் பக்கம்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் வேஷம் தலைகீழ். இங்கிலாந்தில் ஆண்கள் கவுன் போட்டார்கள் என்றால், அமெரிக்காவில் பெண்கள் மீசை ஒட்டிக்கொண்டார்கள்.

டாலியா மெஸிக் என்ற பெண் படக்கதைகளோடு சிண்டிகேட் சிண்டிகேட்டாக ஏறி இறங்கினார். வேலையைப் பார்ப்பதற்குமுன் ஆளைப் பார்த்தார்கள். சரிதான் என்று பெயரை ‘டேல்’ என்று சுருக்கிக்கொண்டார். டேல் ஆணாகவும் இருக்கலாமே! அப்படியும் சிகாகோ டிரிப்யூன் சிண்டிகேட் முதலாளி ஜோசப் பேட்டர்சன், பெண் வரைந்ததா, வேண்டாம் என்றார். அவருடைய உதவியாளர் மாலி ஸ்லாட் குப்பைக்குப் போகவிருந்த படங்களைக் காப்பாற்றி, 1940 ஜூனில் ‘பிரெண்டா ஸ்டார்’ அச்சேறியது. செந்தலை நிருபர் பிரெண்டா எந்த ஆபத்திலும் தலைமுடி கலையாமல், நல்ல கவுனோடுதான் மாட்டுவாள். போர் வந்து, பாவாடைக்கு எத்தனை அங்குலம் துணி என்பதுவரை அரசாங்கம் 1942-இல் அளந்து சட்டம் போட்டது. காகிதத்தில் வரைந்த கவுனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வெட்டி எடுக்கும் காகிதப் பொம்மைகளுக்கு மெஸிக் விதவிதமாக உடுப்பு வரைந்தார். பெண்கள் கத்தரிக்கோலோடு காத்திருந்தார்கள். இன்று கத்தரி படாத பக்கம் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

‘மிஸ் ஃப்யூரி’யை வரைந்த ஜூன் டார்ப்பே மில்ஸ், ‘ஜூன்’ என்பதைக் கழற்றி வைத்துவிட்டு டார்ப்பே மில்ஸ் ஆனார். வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதப் பெண் லிலி ரெனே, நியூயார்க்கில் காமிக்ஸ் கம்பெனியில் ரப்பர் வைத்துப் பென்சில் கோடு அழிக்கும் வேலையில் தொடங்கி, ‘சென்யோரிட்டா ரியோ’ என்ற உளவுப் பெண்ணை நாஜிகளை அடிக்கவிட்டு வரைந்தார். சொந்தக் கணக்கை வேறெப்படித் தீர்ப்பது? படத்தில் ‘எல். ரெனே’ என்று கையெழுத்து. ரசிகர்கள் ‘டியர் மிஸ்டர் ரெனே’ என்று உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள்.

வொண்டர் உமனைப் படைத்த வில்லியம் மார்ஸ்டன் இன்னும் ஒரு படி மேல். பொய்யைக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தச் சோதனை கண்டுபிடித்த மனோதத்துவ டாக்டர். 1940-இல் ‘ஃபேமிலி சர்க்கிள்’ பத்திரிகையில் ஆலிவ் ரிச்சர்ட் என்ற நிருபர் அவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார்: டாக்டர், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்குமா? டாக்டர் அழகாகப் பதில் சொன்னார். அந்தப் பேட்டியைப் பார்த்துத்தான் காமிக்ஸ் முதலாளி மேக்ஸ் கெய்ன்ஸ் அவரை ஆலோசகராக்கி, அது வொண்டர் உமனில் போய் முடிந்தது. ஆலிவ் ரிச்சர்டின் நிஜப்பெயர் ஆலிவ் பைர்ன். டாக்டரைப் பேட்டி எடுக்க அவர் அதிகதூரம் பயணம் செய்யவில்லை. அதே வீட்டில்தான் டாக்டரோடும் டாக்டரின் மனைவியோடும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். பொய் கண்டுபிடிக்கும் மிஷினை அன்றைக்கு ஆஃப் செய்து வைத்திருந்தார்கள் போல.

அந்த வொண்டர் உமனாவது சுகப்பட்டாளா? 1942-இல் சூப்பர் ஹீரோக்கள் சங்கத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். புஜபலத்தில் சங்கத்தில் பாதிப்பேரை ஒரு கையால் தூக்கக்கூடியவள். என்ன பதவி கொடுத்தார்கள் தெரியுமா? செக்ரட்டரி. ஆண்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவார்கள், இவள் மினிட்ஸ் எழுதுவாள். அந்தக் கதைகளை எழுதியது மார்ஸ்டன் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

‘பேரன்ட்ஸ்’ பத்திரிகைக்காரர்களின் கூத்து வேறு. காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கவலைப்பட்டு, 1941-இல் அவர்களே காமிக்ஸ் போட்டார்கள். முதல் இதழில் சூப்பர்மேனுக்குப் பதில் சர்ச்சில். பெண்பிள்ளைகளுக்கு ‘காலிங் ஆல் கேர்ள்ஸ்’. பாதி படக்கதை, பாதி நல்ல புத்தி. 1944-இல் டைம்லி கம்பெனி ‘மிஸ் அமெரிக்கா’ என்ற சூப்பர் ஹீரோயினுக்குத் தனிப் பத்திரிகை தொடங்கியது. இரண்டாவது இதழிலேயே அது ஃபேஷன், டிப்ஸ், பேட்ஸி வாக்கர் என்ற ஸ்கூல் பெண்ணின் சிரிப்புக்கதை என்று டீன் ஏஜ் மேகஸின் ஆகிவிட்டது. பறக்கத் தெரிந்தவள் சொந்தப் பத்திரிகையிலேயே ஒண்டுக்குடித்தனம். பறக்கத் தெரியாத பேட்ஸி இருபது வருஷம் ஓடினாள்.

அதே 1944 செப்டம்பரில் வந்தது ‘செவன்டீன்’. ஆசிரியர் ஹெலன் வாலன்டைனுக்கு வயது 17-ஐ மூன்றால் பெருக்கினால் வரும். முதல் இதழ் 4 லட்சம் பிரதிகள் சில நாளில் காலி. ஆனாலும் விளம்பரக் கம்பெனிகள் மசியவில்லை, சின்னப் பெண்ணிடம் ஏது காசு என்றார்கள். உடனே ‘டீனா’ என்று ஒரு பெண்ணை உருவாக்கி, டீனாவுக்கு லிப்ஸ்டிக் பிடிக்கும், டீனா சொன்னால் அம்மா வாங்குவாள், டீனா ஒன்று வாங்கினால் தோழிகள் எல்லாரும் வாங்குவார்கள் என்று பிரசாரம் செய்தார்கள். கம்பெனிகள் கியூவில் நின்றன. போர் ஒருபக்கம் நடக்க, அமெரிக்க வியாபாரிகள் அத்தனை பேரும் பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணைத் தாஜா பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எதிரி முகாமிலும் இதே கதைதான். ஜப்பானில் ‘ஷோஜோ நோ தோமோ’ என்ற சிறுமியர் பத்திரிகையில் 1937 ஜூனில் ஒரு தொடர்கதை தொடங்கியது. அடுத்த மாதம் சீனாவோடு முழுப்போர். யோகோஹாமா மிஷன் பள்ளியில் பெண்களுக்குள் பூக்கும் அன்பு பற்றிய மென்மையான கதை. எழுதியவர் யாசுனாரி காவபாத்தா. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அதே காவபாத்தாதான். பெண்கள் பள்ளிக்குள் நடப்பது இந்த மனிதருக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது? தெரியவில்லை. சுனேகோ நாகாஸாத்தோ என்ற பெண் எழுத்தாளர் எழுதி அனுப்பிய வரைவுகளைத்தான் இவர் திருத்திச் செப்பனிட்டுத் தன் பெயரில் கொடுத்தார் என்பது பின்னால் கடிதங்கள் மூலம் வெளியே வந்தது. நாகாஸாத்தோ சும்மா ஆள் இல்லை, அகுதகாவா பரிசு வாங்கிய முதல் பெண். இங்கிலாந்தில் பெண் பெயருக்குப் பின்னால் ஆண், இங்கே ஆண் பெயருக்குப் பின்னால் பெண். நேச நாடுகளும் அச்சு நாடுகளும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

அந்தத் தொடருக்குப் படம் போட்டவர் ஜுன்இச்சி நாகாஹாரா. முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் பெரிய கண்கள், கொடி மாதிரி இடுப்பு, எங்கேயோ பார்க்கும் பார்வை. சிறுமிகள் பைத்தியமாக இருந்தார்கள். ராணுவத்துக்குப் பொறுக்கவில்லை. சீனாவில் படை நகர்த்திக்கொண்டிருந்த சாம்ராஜ்யம், ஒரு பத்திரிகை அட்டையில் இருக்கும் பெண் ஏன் இப்படி நோஞ்சானாக, சோகமாக இருக்கிறாள் என்று கவலைப்பட்டது. நாட்டுக்குத் தேவை கொழுகொழுவென்று சிரிக்கும் உழைப்பாளிப் பெண்ணாம். நெருக்கடி கொடுத்து 1940-இல் நாகாஹாராவைப் பத்திரிகையை விட்டே கிளப்பினார்கள்.

போர் முடிந்த மறு வருஷமே மனிதர் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கிவிட்டார். அதே கண்கள், அதே இடுப்பு. அடுத்த தலைமுறையில் பெண்களுக்கான மாங்கா வரைந்தவர்கள் அந்தக் கண்களைப் பிடித்துக்கொண்டு, இன்னும் பெரிதாக்கி, உள்ளே நட்சத்திரம் வேறு போட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண் அனிமே பார்க்கிறவளாக இருந்தால் அவள் போன் வால்பேப்பரை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஜப்பானிய ராணுவம் தோற்ற இடங்களின் பட்டியலில் மிட்வேக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்ளலாம்.